மின்கம்பியும் இரத்தப் புற்றுநோயும்

மின்சாரம் செல்லும் எந்தக் கம்பியைச் சுற்றிலும் இருவகைப் புலங்கள் உண்டு. கம்பியிலுள்ள மின்னழுத்தத்தால் மின்புலமும், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தால் காந்தப்புலமும் தோன்றுகின்றன. சுவர் சுவிட்சைப் போட்டுவிட்டு மேசை விளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்துவைத்தால், சுவரிலிருந்து விளக்கு வரையுள்ள ஒயரைச் சுற்றி மின்புலம் இருந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் இல்லாததால் காந்தப்புலம் இராது. விளக்கு எரியத் தொடங்கிய பிறகே அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறையும், அமெரிக்காவில் 60 முறையும் அலைவதால், அதைச் சூழ்ந்த புலங்களும் அதே வேகத்தில் திசை மாறி மாறி அலைகின்றன. மின்புலத்தின் வலிமையை மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்றும், காந்தப்புலத்தின் வலிமையை மைக்ரோடெஸ்லா என்ற அலகிலும் குறிப்பது வழக்கம். உயரழுத்தக் கம்பிகளுக்கு அருகில் வாழ்வது உடலுக்குக் கேடா என்ற கேள்வியைச் சுற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தின் பெரும்பகுதி, இந்த இரண்டாவது அலகின் மிகச் சிறிய மதிப்பொன்றைப் பற்றியது: 0.4 மைக்ரோடெஸ்லா.

அது எவ்வளவு சிறியது என்பதற்குப் பூமியின் காந்தப்புலமே சான்று. தமிழ்நாட்டில் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதாவது மேற்சொன்ன அளவைப்போல் நூறு மடங்கு. எனினும் பூமியின் புலம் அசையாமல் நிற்பது. மின்கம்பியின் புலம் இடைவிடாது அலைவது. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட்டு அச்சம் தேவையில்லை என்று முடிப்பது அவசர முடிவாகும். அலையும் புலங்களோடு மட்டுமே ஒப்பிட்டாலும், பெரும்பாலான வீடுகளின் உள்ளே சராசரியாக இருப்பது 0.1 மைக்ரோடெஸ்லாவுக்கும் குறைவு. 400 கிலோவோல்ட் தடத்தின் நேர் கீழே நிற்பவருக்குச் சில மைக்ரோடெஸ்லாக்கள் கிடைக்கலாம். தலைமுடியை உலர்த்தும் கருவியைக் காதருகே பிடிப்பவருக்கு, அந்தச் சில நிமிடங்களுக்கு, அதைவிடப் பல மடங்கு கிடைப்பதுண்டு.

தொலைவு கூடக்கூடப் புலம் விரைவாகத் தேய்கிறது. உயரழுத்தத் தடத்தில் மூன்று கட்டங்களாக மின்சாரம் செல்கிறது. ஒரு கட்டத்தின் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது மற்ற இரண்டும் எதிர்த்திசையில் ஓடுமாறு அவை அமைந்திருப்பதால், மூவர் மூன்று பக்கமும் சமமாக இழுக்கும் கயிற்றின் முடிச்சு நகராமல் நிற்பதைப்போல, சற்றுத் தொலைவில் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடுகின்றன. எனவே நூறு மீட்டர் அளவு தள்ளிப்போன பிறகு, பெரிய கோபுரத் தடத்தின் காந்தப்புலம் கூட, வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒயர்களாலும் கருவிகளாலும் உண்டாகும் புலத்தோடு கலந்துபோகிறது. மின்புலத்தைச் சுவரும் மரமும் ஓட்டுக்கூரையும் பெருமளவு தடுத்துவிடும்; காந்தப்புலமோ செங்கல்லையும் சிமெண்டையும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் பிறகு வரும் ஆய்வுகள் ஏன் காந்தப்புலத்தையே துரத்தின என்பது விளங்காது.

கோபுரத் தடத்தின் கீழே குழல் விளக்கைக் கையில் பிடித்தால், எந்த இணைப்பும் இல்லாமலே அது மங்கலாக ஒளிர்வதை இருட்டில் காணலாம். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் தங்கியிருந்த கலைஞர் ரிச்சர்ட் பாக்ஸ், 2004-இல் ஓர் உயரழுத்தத் தடத்தின் அடியில் 1,301 குழல் விளக்குகளை வயலில் நட்டுவைத்து ஒளிரச் செய்தது உலகெங்கும் செய்தியானது. குழலுக்குள் இருக்கும் வாயுவை ஒளிரவைப்பது மின்புலம். காந்தப்புலத்துக்கு அதில் பங்கில்லை. கம்பிக்கடியில் நிற்கும் ஈருருளியின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று குத்துவதும், முழங்கை மயிர் சிலிர்ப்பதும் அதே மின்புலத்தின் வேலையே. இவை கண்ணால் காணவும் தோலால் உணரவும் கூடியவை என்பதால் பார்ப்பவர் மனத்தில் ஆழப் பதிகின்றன. ஆனால் புற்றுநோய் பற்றிய சான்றுகள் வேறோர் இடத்திலிருந்து, புலன்களுக்குச் சற்றும் தட்டுப்படாத ஒன்றிலிருந்து வந்தவை.

முதலில் எழுந்த கவலையும் மின்புலத்தைப் பற்றியதுதான். 1960-களில் சோவியத் ஒன்றியத்தில் மிகை உயரழுத்தத் துணை மின்நிலையங்களின் திறந்தவெளி யார்டுகளில் வேலை செய்தவர்கள் தலைவலி, களைப்பு, தூக்கக் கேடு ஆகியவற்றைப் பற்றி முறையிட்டதாக அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினர். 1972-இல் பாரிசில் நடந்த பன்னாட்டு மின்பொறியாளர் மாநாட்டில் அச்செய்தி மேற்குலகுக்கு எட்டியது. பிற நாடுகளில் நடந்த பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எனினும் 765 கிலோவோல்ட் தடங்கள் அமைக்கப்பட்டுவந்த நியூயார்க் மாநிலத்தில் எழுந்த வழக்காடலின் விளைவாக, மின்நிறுவனங்களின் பணத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது; அது பிற்காலத்தில் வேறொரு கேள்விக்குப் பயன்பட நேர்ந்தது.

அந்த வேறொரு கேள்வியை எழுப்பியவர் நான்சி வெர்தைமர். உளவியலில் பயிற்சி பெற்றிருந்த அவர், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் இரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகள் எங்கெங்கே இருந்தன என்று முகவரி முகவரியாகத் தேடிப்போனார். அவர் கண்ணில் பட்டவை பெரிய கோபுரங்கள் அல்ல, தெருவோரக் கம்பங்கள். கம்பத்தின் உச்சியில் சில ஆயிரம் வோல்ட் தாங்கிய கம்பிகள். அவற்றுக்குக் கீழே உருளை வடிவ மின்மாற்றி. அதிலிருந்து புறப்பட்டு, அடுத்தடுத்த கம்பங்களின் வழியே பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் தாழ்வழுத்தக் கம்பிகள். மின்மாற்றியை ஒட்டிய முதல் வீட்டின் முன்னால் ஓடும் கம்பியில், அதற்கு அப்பாலுள்ள எல்லா வீடுகளுக்கும் தேவையான மின்னோட்டமும் சேர்ந்து ஓட வேண்டும். வரிசையின் கடைசி வீட்டை அடையும் கம்பியில் அந்த ஒரு வீட்டின் மின்னோட்டம் மட்டுமே ஓடும். கம்பியின் தடிமனையும், மின்மாற்றியிலிருந்து வீட்டுக்குள்ள தொலைவையும் பார்த்தாலே அங்கே ஓடும் மின்னோட்டத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம் என்பதை இயற்பியலாளர் எட் லீப்பரின் துணையோடு வெர்தைமர் உணர்ந்தார். அமெரிக்கத் தெருக்களில் திரும்பிச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி கம்பியை விட்டுவிட்டு வீடுகளின் குடிநீர்க் குழாய்கள் வழியாக மண்ணுக்குள் போய்விடுவதால், போகும் மின்னோட்டத்தின் புலத்தை வரும் மின்னோட்டத்தின் புலம் முழுமையாக அழிப்பதில்லை. 240 வோல்ட் கம்பியும் ஒரு வீட்டை நிரப்பும் அளவுக்குக் காந்தப்புலத்தை உண்டாக்குவது இதனால்தான்.

இருவரும் வீடுகளை அதிக மின்னோட்ட அமைப்பு, குறைந்த மின்னோட்ட அமைப்பு என்று இரண்டாகப் பிரித்தனர். 1950-க்கும் 1973-க்கும் இடையில் புற்றுநோயால் இறந்த 344 குழந்தைகளின் வீடுகளையும், அதே எண்ணிக்கையில் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட குழந்தைகளின் வீடுகளையும் பார்த்தபோது, நோயுற்ற குழந்தைகளின் வீடுகள் முதல் வகையில் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக விழுந்தன. 1979-இல் அமெரிக்க நோய்ப்பரவலியல் இதழில் இது வெளிவந்தது. ஒரு கருவி கூட இல்லாமல், கம்பங்களை அண்ணாந்து பார்த்தே செய்த ஆய்வு என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏளனம் பொருத்தமற்றது, பல ஆண்டுகளுக்கு முன் இருந்த மின்னோட்டத்தை இன்றைய கருவி காட்டாது, நிற்கும் கம்பம் ஓரளவு காட்டும். உண்மையான குறை வேறு: எந்த வீடு நோயுற்ற குழந்தையினது, எது ஒப்பீட்டுக்கானது என்று தெரிந்தே பெரும்பாலான வீடுகள் வகைப்படுத்தப்பட்டிருந்தன, எதிர்பார்ப்பு தீர்ப்பில் கலப்பதைத் தடுக்க அங்கே எந்தத் தடுப்பும் இல்லை.

நியூயார்க் திட்டத்தின் பணம் இப்போது டென்வருக்கு வந்தது. டேவிட் சாவிட்ஸ் அதே நகரில், 1976-83 காலத்தில் நோயுற்ற குழந்தைகளைக் கொண்டு, வகைப்படுத்துவோருக்கு நோய் விவரம் தெரியாதவாறு மறு ஆய்வு செய்து 1988-இல் வெளியிட்டார். மிகை முழுவதும் மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் குறைந்து நின்றது. அதைவிட வியப்பு, வீட்டுக்குள் கருவிகொண்டு அளந்த காந்தப்புலத்தோடு நோய் பொருந்தியதைவிட வெளியே நின்ற கம்பியின் வகையோடுதான் நன்றாகப் பொருந்தியது என்பது. 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்விலும் இதே புதிர் வந்தது. புலம்தான் காரணம் என்றால், புலத்தை நேரடியாக அளந்தால் தொடர்பு வலுக்க வேண்டும், இங்கே வலுவிழந்தது. புலத்தின் ஆதரவாளர்கள், ஒரே நாளில் எடுத்த அளவு பல ஆண்டுச் சராசரியைச் சொல்லாது, கம்பியின் வகைதான் சொல்லும் என்று வாதிட்டனர். எதிர்த்தரப்பினர், கம்பியின் வகை வேறு எதையோ, பழைய நெரிசலான குடியிருப்பையோ போக்குவரத்தையோ வருமானத்தையோ, தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது என்றனர். இருவர் வாதமும் நியாயமானவை. இந்தப் புதிர்தான் பிறகு வந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் மையம்.

பொதுமக்களிடம் இது போய்ச் சேர்ந்தது பால் பிராடியர் என்ற பத்திரிகையாளர் 1989-இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளால். மின்நிறுவனங்களும் அரசும் உண்மையை மறைக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. அதன்பின் வழக்குகள் பெருகின. பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்திலிருந்த தடங்களை அகற்றச் சொல்லிப் பெற்றோர் திரண்டனர்.

அந்தச் சூழலில் சுவீடனிலிருந்து வந்த ஆய்வுக்கு மதிப்பு கூடியது இயல்பே. மரியா ஃபெய்க்டிங்கும் ஆண்டர்ஸ் ஆல்பமும் 1960-க்கும் 1985-க்கும் இடையில் 220, 400 கிலோவோல்ட் தடங்களிலிருந்து 300 மீட்டருக்குள் வசித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நாட்டின் மக்கள் பதிவேட்டிலிருந்து எடுத்து, புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டனர். ஒவ்வொரு தடத்திலும் அந்தந்த ஆண்டு ஓடிய மின்னோட்டத்தைப் பற்றிய பதிவு மின்துறையிடம் இருந்ததால், நோய் கண்ட ஆண்டில் அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடிய காந்தப்புலத்தைக் கணக்கிட முடிந்தது. யாருடைய வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்க வேண்டியிராததால், கலந்துகொள்ள மறுப்போரால் வரும் பிழைக்கும் இடமில்லை. 0.2 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட வீடுகளில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் 2.7 மடங்கு என்று கணக்கு காட்டியது. நன்றாக வகுக்கப்பட்ட ஆய்வுதான்; ஆனால் அந்த உயர்ந்த புலப் பிரிவில் இருந்த இரத்தப் புற்று நோயாளிகள் வெறும் ஏழு பேர். இருவரோ மூவரோ தற்செயலாகக் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் தலைப்புச் செய்தியே மாறியிருக்கும்.

இரத்தப் புற்று என்பது ஒரே நோயல்ல. குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது நிணநீர் அணுக்களின் மூலவடிவங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் தீவிர வகை, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் மிகுதியாகத் தென்படுவது. மேலைநாடுகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு இரத்தப் புற்று வருகிறது. இவ்வளவு அரிய நோயை, மிகச் சிலரே பெறும் உயர்ந்த புலத்தோடு இணைத்துப் பார்க்கும்போது இரண்டு அரிய தன்மைகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்த ஆய்விலும் தீர்ப்பளிக்க வேண்டிய கட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைவாகவே நிற்கிறார்கள்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒன்பது மாநிலங்களில் 638 நோயுற்ற குழந்தைகளையும் 620 நலமுள்ள குழந்தைகளையும் கொண்டு செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. மார்த்தா லினெட் தலைமையிலான அக்குழு, குழந்தை உறங்கும் அறையில் 24 மணிநேரம் அளவுமானியை வைத்தது. கம்பியின் வகையையும் தனியே குறித்துக்கொண்டது. கம்பியின் வகைக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை, 0.2 மைக்ரோடெஸ்லா என்ற எல்லையிலும் நம்பத்தக்க மிகை இல்லை. 1999-இல் பிரிட்டனின் பெரிய ஆய்வும் ஏறத்தாழ அவ்வாறே சொன்னது. விவாதம் இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இந்த ஆய்வுகளை எல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்தபோது நடந்தது வேறு.

2000-ஆம் ஆண்டில் ஆல்பமும் அவர் கூட்டாளிகளும் பல நாடுகளின் ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவுகளைப் பெற்று, 3,247 நோயாளிக் குழந்தைகளையும் 10,400 ஒப்பீட்டுக் குழந்தைகளையும் ஒன்றாக அலசினர். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழ் வாழ்ந்த 99.2 விழுக்காட்டினரிடம் எந்த மிகையும் இல்லை. அதற்கு மேல் வாழ்ந்த 0.8 விழுக்காட்டினரிடம் நோய் இரு மடங்காக இருந்தது. நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு அடங்கியிருக்கக் கூடிய எல்லை, 1.27 முதல் 3.13 வரை. இந்த இடைவெளி ஒன்றைத் தொடவில்லை என்பதால் இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தற்செயலை விலக்கிவிட்ட பிறகும் பிழை என்ற இன்னொரு வாய்ப்பு எஞ்சியிருக்கிறது என்பதை ஆய்வாளர்களே எழுதினர். செய்தித்தாள்கள் பெரும்பாலும் அந்த வரியை விட்டுவிட்டன.

அந்தப் பிழை எப்படிப்பட்டது என்பதற்கு லினெட் குழுவின் தரவுகளிலேயே விடை கிடைத்தது. நோயுற்ற குழந்தையின் பெற்றோர் ஆய்வுக்கு எளிதில் இசைவார்கள். நலமுள்ள குழந்தையின் பெற்றோர், அதிலும் வாடகை வீட்டில், குறைந்த வருமானத்தில் இருப்போர், கதவைத் திறக்கத் தயங்குவார்கள். நெருக்கமான, வசதி குறைந்த குடியிருப்புகளில்தான் தடித்த கம்பிகளும் அதிகப் புலமும் இருக்கின்றன. ஆகவே ஒப்பீட்டுக் குழுவிலிருந்து உயர்ந்த புலத்தில் வாழ்வோர் வடிகட்டப்பட்டுவிட, நோயாளிகளின் பக்கம் மட்டும் புலம் மிகுந்திருப்பதாகத் தோன்றும். வீட்டுக்குள் விடாமல் வாசலில் மட்டும் அளக்க அனுமதித்தவர்களை நீக்கிவிட்டு அத்தரவுகளை மறுபடி கணக்கிட்டபோது மிகை கூடியது. அவர்களைச் சேர்த்தபோது குறைந்தது. இருந்தாலும், பதிவேடுகளை மட்டுமே கொண்டு செய்த சுவீடன் ஆய்வுக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, லியோனில் கூடி, 2001-இல் இந்தக் காந்தப்புலங்களை 2பி வகையில் சேர்த்தது. அதன் முழு அறிக்கை 2002-இல் வந்தது. மனிதரிடம் சான்று வரம்புக்குட்பட்டதாகவும், விலங்குகளிடம் சான்று போதாததாகவும் இருந்தால் ஒரு பொருள் இந்த வகையில் விழும். முகமை வகைப்படுத்துவது சான்றின் உறுதியை மட்டுமே. ஆபத்தின் அளவை அன்று. காப்பி 1991 முதல் 2016 வரை இதே வகையில் இருந்து பின்னர் விடுபட்டது; கற்றாழையின் முழு இலைச்சாறு இன்றும் அதில் இருக்கிறது. மின்புலத்தை முகமை 3-ஆம் வகையில், அதாவது வகைப்படுத்தப் போதிய சான்றில்லாதவற்றின் வரிசையில், வைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2007-இல் உலக நலவாழ்வு அமைப்பு, காந்தப்புலமே காரணம் என்று வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தது: 2000-ஆம் ஆண்டில் உலகெங்கும் இரத்தப் புற்று கண்ட ஏறத்தாழ 49,000 குழந்தைகளில் 100 முதல் 2,400 பேர் வரை அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இந்தக் கதையில் மிகவும் கற்றுத்தரும் பகுதி பிரிட்டனில் நடந்தது. ஜெரால்ட் டிரேப்பரின் குழு, புற்றுநோய் கண்ட 29,081 குழந்தைகளின் பிறந்த வீடுகளை உயரழுத்தத் தடங்களோடு வரைபடத்தில் பொருத்திப் பார்த்து 2005-இல் வெளியிட்டது. 200 மீட்டருக்குள் பிறந்தவர்களுக்கு இரத்தப் புற்று ஏறத்தாழ 1.7 மடங்கு, 200 முதல் 600 மீட்டர் வரை 1.2 மடங்கு. இரண்டாவது எண்தான் ஆய்வாளர்களைத் திகைக்கவைத்தது. அவ்வளவு தொலைவில் தடத்தின் காந்தப்புலம் எஞ்சியிருப்பதே இல்லை, இல்லாத புலம் நோயைத் தர இயலாது. அதே பதிவேடுகளைக் காலத்தில் முன்னும் பின்னும் நீட்டி 2014-இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: 1960-களில் தடத்தருகே பெரிதாக இருந்த மிகை, பத்தாண்டுக்குப் பத்தாண்டு தேய்ந்து, 2000-களில் இல்லாமலே போயிற்று. இக்காலத்தில் தடங்களில் ஓடிய மின்னோட்டம் குறையவில்லை. ஆகவே அங்கே நோயோடு கூடவே நின்ற காரணம் எதுவாயினும், அது கம்பியை ஒட்டி வாழ்ந்த மக்கள் எவர், எங்கிருந்து வந்து குடியேறினர் என்பதைப் போன்ற, காலத்தோடு மாறும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அண்மை ஆய்வுகளை மட்டும் ஒன்றுசேர்த்து 2022-இல் வந்த கூட்டாய்வும், 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் நோய் கூடுதலாக இல்லை என்றே முடித்தது.

இயற்பியலாளர்களுக்கோ தொடக்கத்திலிருந்தே இதில் நம்பிக்கை இருந்ததில்லை. எக்ஸ்-கதிர் மரபணுவைச் சிதைப்பது, அதன் ஒவ்வோர் ஆற்றல் துகளும் வேதிப்பிணைப்பை முறிக்கும் வலிமை கொண்டிருப்பதால். 50 ஹெர்ட்ஸ் அலையின் துகளுக்கு அந்த வலிமையில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கும் கிடையாது. காந்தப்புலம் உடலுக்குள் மெல்லிய மின்புலத்தைத் தூண்டும் என்பது உண்மை, ஆனால் 0.4 மைக்ரோடெஸ்லா தூண்டுவது மீட்டருக்கு ஒரு வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. இது உடலின் வெப்பத்தால் அணுக்கள் எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருக்கும் இரைச்சலில் மூழ்கிவிடும் என்று யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் 1991-இல் வாதிட்டார். எலிகளையும் சுண்டெலிகளையும் அவற்றின் வாழ்நாளின் பெரும்பகுதி முழுவதும் இதைவிடப் பன்மடங்கு வலிய புலத்தில் வைத்துச் செய்த சோதனைகளில் இரத்தப் புற்று கூடவில்லை. வழிமுறை தெரியாதது ஒன்றே ஒரு தொடர்பை மறுக்கப் போதாது, புகையிலை விஷயத்தில் வழிமுறை பின்னால்தான் தெரிந்தது. ஆனால் புகைப்போருக்கு வந்த மிகை பத்து மடங்கும் அதற்கு மேலும், ஆய்வு கூர்மையாகக் கூர்மையாக வலுத்ததே தவிரத் தேயவில்லை.

அருகில் வாழ்வோரைவிடப் பல மடங்கு புலத்தில் உழைக்கும் தொழிலாளரைப் பார்ப்பது இன்னும் நேரான வழி. 1982-இல் சாமுவேல் மில்ஹாம் வாஷிங்டன் மாநில இறப்புச் சான்றிதழ்களை அலசி, மின்தொழில் செய்தவர்களிடம் இரத்தப் புற்று மிகுதி என்று எழுதினார். பின்னர் நடந்த பேராய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் 2,23,000 மின்தொழிலாளரைக் கொண்டு 1994-இல் வந்த ஆய்வு இரத்தப் புற்றில் சிறிது மிகையைக் கண்டது. 1995-இல் அமெரிக்காவின் ஐந்து மின்நிறுவனங்களின் 1,38,905 பணியாளரைப் பற்றி வந்த ஆய்வு இரத்தப் புற்றில் மிகையைக் காணாமல் மூளைப் புற்றில் சிறிது கண்டது. கலிஃபோர்னியாவில் நடந்தது எதையுமே காணவில்லை. உண்மையான விளைவு ஆய்வுக்கு ஆய்வு உறுப்பை மாற்றிக்கொண்டிருக்காது. தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஒருவகை நோய் மின்தொழிலாளரிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது மட்டும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதற்குப் புலத்தைவிட, அவர்கள் பணியில் வாங்கும் மின்னதிர்ச்சிகளே காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. மறதிநோய் பற்றி 2009-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது; டென்மார்க்கில் அதைச் சரிபார்த்தபோது உறுதிப்படவில்லை.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குப் பொதுமக்களுக்கென 2010-இல் விதித்த எல்லை 200 மைக்ரோடெஸ்லா, தொழிலாளருக்கு 1,000. இவை நரம்புகளைத் தூண்டக்கூடிய உடனடி விளைவுகளைக் கணக்கில் கொண்டவை, புற்றுநோயை அல்ல. இதற்கு மேல் எச்சரிக்கையாக இருக்க விரும்பிய நாடுகளும் உண்டு: நெதர்லாந்து 2005-இல், குழந்தைகள் நீண்டநேரம் இருக்கும் புதிய கட்டடங்களை 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும் பட்டையில் எழுப்ப வேண்டாம் என்று உள்ளாட்சிகளுக்கு அறிவுரை கூறியது. புதிய கட்டடத்துக்கு இடம் தேடும்போது இந்த எச்சரிக்கைக்குச் செலவு மிகக் குறைவு. ஏற்கெனவே நிற்கும் தடங்களைப் பெயர்த்தெடுக்கச் செலவிடுவது சான்றின் வலிமையை மீறியதாகும். கம்பியை மண்ணுக்கடியில் புதைத்தால் காந்தப்புலம் ஒழியும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. மின்புலம் மறைந்துவிடும், ஆனால் கேபிளின் நேர் மேலே நடப்பவருக்கு அது ஒரு மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் காந்தப்புலம் கோபுரத் தடத்தின் கீழ் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கக் கூடும். பக்கவாட்டில் சில மீட்டர் நகர்ந்தால் சட்டென விழுந்துவிடும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் 800 கிலோவோல்ட் தடத்தைப் பற்றிய அச்சங்களுக்கும் இந்த ஆய்வுகளையே காட்டுவது வழக்கம். அது நேர்திசை மின்னோட்டத் தடம்; அதன் காந்தப்புலம் பூமியின் புலத்தைப்போல் அலையாமல் நிற்பது. டென்வரிலும் சுவீடனிலும் நடந்த எந்த ஆய்வையும் அதன்மேல் பொருத்த முடியாது. மேற்கு மாவட்ட உழவர்கள் கேட்ட நில இழப்பீடும் விளைச்சல் இழப்பும் பற்றிய கேள்விகளுக்கு இரத்தப் புற்றின் துணை தேவைப்படவும் இல்லை. அவை தம்மளவிலேயே நியாயமான கேள்விகள்.

மின்கம்பியால் உயிர் போவது உறுதியாக அறியப்பட்ட வழி ஒன்றுண்டு. அது தொடுவது, அல்லது உயரழுத்தத்தில் தொடும் தொலைவுக்கு நெருங்குவது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். கட்டுமானத்துக்கு நிமிர்த்தும் இரும்புக் கம்பியும், அலுமினிய ஏணியும், தெருப்பக்கம் நீட்டிய பால்கனியும் இதே வழியில் உயிர்களைக் கொண்டுபோகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இதைத் தடுக்கவே எழுதப்பட்டவை: 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையில் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கட்டடத்தின் மேலே கம்பி சென்றால் செங்குத்தாக 3.7 மீட்டரும் இருக்க வேண்டும். அழுத்தம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். 400 கிலோவோல்ட் தடத்துக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அகலப் பட்டை கட்டடமின்றி விடப்படுகிறது. வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்ப நினைப்பவர் இந்த இடைவெளி எஞ்சுமா என்று முதலில் அளந்து பார்த்து, எஞ்சாது என்றால் மின்வாரியத்திடம் விண்ணப்பித்துக் கம்பியை நகர்த்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.